கலர் பிரிண்ட், பதினொன்று

ஐப்பசி பிறந்தால் எங்கள் நூலகத்தில்
முதலில் நனைவது அகராதிகள்.
கனத்த புத்தகங்கள் ஈரத்தைக் குடித்துவிட்டு
அலமாரியை விட்டு வர மறுக்கும்.
நுண்ணுயிரியல் வரிசையில் பூஞ்சை என்று
துறைத்தலைவரிடம் சொன்னேன்.
"பொருத்தம்தானே" என்றார்.

அறிவிப்புப் பலகையில் அந்த வாரம்:
இரத்த தான முகாம் தள்ளிவைப்பு.
மின்னிதழ்களுக்குப் புதிய கடவுச்சொல், நூலக உதவியாளரிடம் கேட்கவும்.
கேட்டவர்கள் மூன்று பேர்.
அதில் ஒருத்தி வைஃபை என்று நினைத்து வந்தவள்.
பொது சுகாதாரக் கருத்தரங்கு, காலை பத்து.

பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர்
பெருமாள்மலை வளைவில் மூடுபனிக்குள் இருந்தார்.
பன்னிரண்டுக்கும் அங்கேயே இருந்தார்.
மேடையில் விண்ணரசி மட்டும்.
இரண்டாமாண்டு, பண்ணைக்காட்டுப் பெண்.
நூலகத்தின் ஒரே நல்ல ஹீட்டரைக் கட்டிக்கொண்டு
மூன்று மாதம் உட்கார்ந்து திரட்டியதை
மிச்சமிருந்த இருபத்திரண்டு ஸ்வெட்டர்களுக்கு
ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

உண்ணிக் காய்ச்சல்.
புல்லிலிருந்து ஏறும், கண்ணுக்குப் பிடிபடாது.
கடித்த இடம் வலிக்காது.
கருகிப்போய் ஒரு பொருக்கு மட்டும்,
பீடி நுனியை வைத்து அழுத்தியதுபோல.
திரையில் அதைப் பெரிதாக்கினாள்.

ப்ரொஜெக்டர் வயர் ஒரு பக்கம் லூஸ்.
அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்
அன்று மாசிலாமணிக்கு வேலை.
ஆறு நாளாகக் காய்ச்சல்.
தினக்கூலிக்கு ஏது லீவு.
கையை விட்டார். திரை இருண்டது.
திட்டுவதற்காக எல்லோரும் திரும்பினோம்.

"இது எனக்கு இருக்குதே, மேடம்."

விண்ணரசியை அதுவரை
யாரும் மேடம் என்றதில்லை.
சட்டையைத் தூக்கினார்.
பெல்ட் தடத்துக்குக் கீழே, கறுப்பாய், பட்டாணி அளவில்.
அவள் ஆங்கிலம் அங்கேயே நின்றுபோனது.
"எங்கண்ணே புல்லறுத்தீங்க?"
பூம்பாறை. பூண்டு வயல் வரப்பு. மாட்டுக்கு.

ஆஸ்பத்திரிக்கு இறங்கிய ஜீப்பும்
மேலே வந்த விருந்தினர் காரும்
ஏரி முக்கில் ஒன்றுக்கொன்று வழிவிட்டன.
பொன்னாடைக்குப் பின் அவர் பேசினார்:
விழிப்புணர்வு முக்கியம்.
கைதட்டினோம். பஜ்ஜி ஆறியிருந்தது.

ஐந்தாம் நாள் வந்தார் மாசிலாமணி,
கன்னம் ஒட்டி, மாத்திரை அட்டை சட்டைப்பையில் துருத்த.
வேலைக்கு அல்ல.
பதினாறு வருடம் இந்தத் தரையைத் துடைத்தவர்
வாசகர் நிற்கும் இடத்தில் நின்று
முதல் தடவையாக ஒன்று கேட்டார்.
"அந்தப் படம் வேணும்.
ஊர்ல இன்னும் ரெண்டு பேரு படுத்துக் கிடக்குறாங்க."

ஜெராக்ஸில் பொருக்கும் தோலும்
ஒரே கறுப்பாக விழுந்தன.
கலர் பிரிண்டுக்குப் பதிவாளர் கையொப்பம் வேண்டும்.
பதிவாளர் திண்டுக்கல்லில்.
எத்தனை வேணும் என்றேன்.
விரல் விட்டார்: ரேஷன் கடை, பால் சொசைட்டி,
பஸ் நிற்கிற புளியோதரைக் கடை,
கோயில்காரர்கள் ஒத்துக்கொண்டால் கோயில்...
விரல் தீர்ந்து மறுபடி ஒன்று.

அடியில் தமிழில் மூன்று வரி, விண்ணரசி எழுதியது.
நான்கு முறை அடித்து அடித்து எழுதினாள்.
*காய்ச்சலா? உடம்பு முழுக்கத் தேடுங்கள்.
மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால்.
இப்படி இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.*

பதினொன்றில் நான்கு மழையில் கிழிந்தன.
ஒன்றை யாரோ புற்றுநோய் என்று பயந்து
கழற்றிவிட்டார்களாம்.
பால் சொசைட்டியில் ஒட்டியதைப் பார்த்து
இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.
ஒருவருக்கு அது வெறும் மறு.

மார்ச்சில் தணிக்கை.
கலர் மை, பதினொரு பக்கம், எதற்கு?
வழங்கல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
பெயர்: மாசிலாமணி.
உறுப்பினர் எண்: ஒரு கோடு.
திருப்பித் தரவேண்டிய நாள்: கட்டம் காலி.

பேனா மூடியைக் கடித்தபடி
வெகுநேரம் பார்த்தார்.
"அபராதம் ஏறிக்கிட்டே இருக்குமேம்மா?"

ஏறட்டும் சார் என்றேன்.